வேட்டைக் கைத்துப்பாக்கி உறைகள்

வேட்டைக் கைத்துப்பாக்கி உறைகள் என்பன, வேட்டையிலும் காட்டுப் பயணத்தின்போது தற்காப்புக்காகவும் பயன்படும் பெரிய கைத்துப்பாக்கிகளை உடலில் அணிந்தோ, ஊர்தி விலங்குகளில் பொருத்தியோ கொண்டு செல்ல உதவும் உறைகளும் வார்களும் ஆகும். ஆங்கில வழக்கில் இவை ஹோல்ஸ்டர் எனப்படுகின்றன. இடுப்பு உறை, குறுக்கு உறை, தோள் உறை, மார்பு உறை, தோள்வார் உறை, பை என இவை பல வகைப்படும். குதிரைச் சேணமும் யானை அம்பாரியும் இவற்றுக்கு முன்னோடிகளாகக் கருதத்தக்கவை.

இந்தியாவில் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. எனவே இவ்வுறைகள் இந்நாட்டில் வேட்டைக் கருவிகளாக இன்று பயன்படுவதில்லை. ஆயினும், உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் எவ்வாறு கொண்டு செல்ல வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வரையறுத்துள்ளமையால், உறை என்பது இந்தியாவில் சட்டம் தொடர்பான பொருளாகவும் விளங்குகின்றது.

பின்னணி

நீள் துப்பாக்கியைத் தோளில் தொங்கவிட்டோ கையில் ஏந்தியோ செல்லலாம். கைத்துப்பாக்கியின் சிறப்பு, இரு கைகளையும் வேறு வேலைக்கு விட்டுவிட்டு அதனை உடலிலேயே வைத்துக்கொள்ள முடிவதாகும். மலையேறுபவர், மீன் பிடிப்பவர், குதிரை செலுத்துபவர், சுமை தூக்குபவர் ஆகியோர் நீள் துப்பாக்கியைக் காட்டிலும் கைத்துப்பாக்கியை விரும்பியதற்கு இதுவே காரணம்.

ஆனால் பெரிய விலங்குகளை வீழ்த்தக்கூடிய கைத்துப்பாக்கி நீண்ட குழலும் மிகுந்த எடையும் உடையது. 6.5 அங்குலக் குழல் கொண்ட ஸ்மித் அண்ட் வெசன் 29 வகைச் சுழல் துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 1.3 கிலோகிராம் ஆகும். அதே நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட 500 வகையின் நீண்ட குழல் வடிவம் ஏறத்தாழ 2 கிலோகிராம் எடையும் 38 சென்டிமீட்டர் நீளமும் உடையது. இதற்கு மாறாக, இந்திய அரசுத் தொழிற்சாலை 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட நிர்பீக் என்னும் .32 சுழல் துப்பாக்கி ஏறத்தாழ 500 கிராம் எடையே கொண்டது. சட்டைப்பைக்கு அருகில் மறைத்து வைக்கத்தக்க சிறிய துப்பாக்கிக்கு ஏற்ற உறை, அதைப்போல் நான்கு மடங்கு எடையுள்ள துப்பாக்கிக்கு ஏற்றதன்று.

இதனால் வேட்டைக் கைத்துப்பாக்கி உறை மூன்று தேவைகளை ஒருங்கே நிறைவு செய்ய வேண்டியுள்ளது. துப்பாக்கி தேவைப்படும் நொடியில் கைக்கு எட்ட வேண்டும்; தேவைப்படாத நேரத்தில் விழவோ தானாக வெடிக்கவோ கூடாது; நாள் முழுவதும் சுமந்தாலும் உடலை வருத்தக் கூடாது. ஒரு தேவையை முழுமையாக நிறைவு செய்யும் உறை மற்றொன்றில் குறைவுபடுவது இயல்பு. பல்வேறு வகை உறைகள் தோன்றியதற்கு இந்த முரண்பாடே அடிப்படையாகும்.

வரலாறு

சேண உறைகள்

தொடக்ககாலப் பெரிய கைத்துப்பாக்கிகளை மனிதர் தம் உடலில் சுமக்கவில்லை, குதிரையே சுமந்தது. சேணத்தின் முன்பகுதியில் இருபுறமும் தொங்கும் இணை உறைகளில் அவை வைக்கப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட், படைத்தலைவர் சாமுவேல் வாக்கர் ஆகியோர் இணைந்து வடிவமைத்து 1847ஆம் ஆண்டில் வெளியான வாக்கர் கோல்ட் சுழல் துப்பாக்கி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 9 அங்குலக் குழலும் ஏறத்தாழ 2 கிலோகிராம் எடையும் கொண்ட இத்துப்பாக்கி, குதிரைப்படையினரின் சேண உறைகளில் கொண்டு செல்வதற்கென உருவாக்கப்பட்டது.

சேண உறையின் குறை வெளிப்படையானது. வீரர் குதிரையிலிருந்து விழுந்தாலோ, குதிரை மிரண்டு ஓடினாலோ துப்பாக்கியும் அதனுடன் சென்றுவிடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடை குறைந்த சுழல் துப்பாக்கிகள் பரவியபோது, அவை சேணத்தை விட்டு இடுப்புக் கச்சைக்கு மாறின.

அம்பாரியும் ஹௌடா கைத்துப்பாக்கியும்

இந்தியாவில் பெரிய கைத்துப்பாக்கியின் வரலாறு யானை வேட்டையுடன், அதாவது யானை மீதமர்ந்து புலியை வேட்டையாடும் முறையுடன் தொடர்புடையது. யானையின் முதுகில் கட்டப்படும் அம்பாரியை வட இந்திய மொழிகள் ஹௌதா என வழங்குகின்றன. இச்சொல்லின் ஆங்கில வடிவத்திலிருந்தே ஹௌடா பிஸ்டல் என்னும் பெயர் தோன்றியது. இமயமலை அடிவாரத்துத் தராய்ப் புல்வெளிகளிலும் வங்காளம், அசாம், நேபாளம் ஆகிய பகுதிகளிலும் பிரித்தானிய அதிகாரிகளும் மன்னர்களும் இவ்வகை வேட்டையில் ஈடுபட்டனர். 1911ஆம் ஆண்டு டிசம்பரில் பேரரசர் ஐந்தாம் ஜார்ஜ் நேபாளத் தராய்ப் பகுதியில் மேற்கொண்ட வேட்டை, யானைகள் பெருமளவில் ஈடுபடுத்தப்பட்ட வேட்டைகளுள் ஒன்றாகும்.

வேட்டைக்குரிய அம்பாரியில் சுடுபவர் முன்னிருக்கையில் அமர்வார். உதவியாளர் பின்னால் இருப்பார். நீள் துப்பாக்கிகளை நிறுத்தி வைக்கத் தாங்கிகள் பக்கவாட்டில் அமைந்திருக்கும். காயமுற்ற புலி யானையின் தலைமீதோ பின்புறத்திலோ பாய்ந்து ஏறினால், குறுகிய அம்பாரிக்குள் நீள் துப்பாக்கியைத் திருப்பிக் குறிபார்க்க இடம் இராது. யானையும் அந்நேரத்தில் அசைந்து மிரளும். அத்தகைய நொடியில் ஒரு கையால் எடுத்து, கைக்கெட்டும் தொலைவில் சுடுவதற்கென்றே ஹௌடா கைத்துப்பாக்கி உருவானது. அது விலங்கைத் தேடிச் சென்று கொல்வதற்கான கருவியன்று. வேட்டை தவறிய பின் உயிர் காக்கும் கடைசிக் கருவியாகும்.

தொடக்கத்தில் இவற்றுட் சில, நீள் துப்பாக்கிகளின் குழலை வெட்டிக் குறைத்துச் செய்யப்பட்டன. பின்னர் ஆங்கிலேயத் துப்பாக்கி நிறுவனங்கள் இரட்டைக் குழல், நான்கு குழல் வடிவங்களைத் தனியே தயாரித்தன. இலண்டனைச் சேர்ந்த சார்லஸ் லங்காஸ்டர் நிறுவனத்தின் நான்கு குழல் கைத்துப்பாக்கி இவற்றுள் புகழ் பெற்றது. .577 அங்குலம், அதாவது 14.7 மில்லிமீட்டர் விட்டமுடைய தோட்டாக்களும் சில வகைகளில் பயன்பட்டன. ஆற்றல் மிக்க சுழல் துப்பாக்கிகளின் வருகைக்குப் பின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வகை வழக்கொழிந்தது. இத்தாலியைச் சேர்ந்த பெடெர்சோலி நிறுவனம் தற்காலத்தில் இதன் மறுவடிவங்களைத் தயாரிக்கின்றது.

இக்கருவியைப் பொறுத்தவரை அம்பாரியே ஒருவகை உறையாக அமைந்தது எனலாம். துப்பாக்கியின் எடையை யானை சுமந்தமையால் எடை ஒரு பொருட்டாக இருக்கவில்லை; கைக்கு எட்டும் இடமே முதன்மை பெற்றது. காலால் நடந்து வேட்டையாடியவருக்கு இவ்வசதி கிடைக்கவில்லை.

சாம் பிரவுன் கச்சை

கைத்துப்பாக்கியை உடலில் சுமப்பதற்கான முக்கியமான கண்டுபிடிப்புகளுள் ஒன்று இந்திய மண்ணில் உருவானது. பஞ்சாப் குதிரைப்படைப் பிரிவொன்றின் தலைவராக இருந்த சாமுவேல் ஜேம்ஸ் பிரவுன், 1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் அருகே சீர்போரா என்னுமிடத்தில் நடந்த சண்டையில் தமது இடக்கையை இழந்தார். அக்காலத்தில் வாளை உருவுவதற்கு மற்றொரு கையால் வாளுறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கையால் அது இயலாமையால், இடுப்புக் கச்சையில் வாளுறையை அசையாமல் பொருத்தி, அதன் எடையை வலத்தோள் வழியாகச் செல்லும் குறுக்கு வாரில் தாங்கும் அமைப்பை அவர் உருவாக்கினார்.

சாம் பிரவுன் கச்சை எனப்படும் இவ்வமைப்பு பிரித்தானிய இந்தியப் படையிலிருந்து உலகின் பல படைகளுக்கும் காவல் துறைகளுக்கும் பரவியது. வாளுடன் கைத்துப்பாக்கி உறையும் இதில் பொருத்தப்பட்டது. உறை அசையாமல் நின்றால்தான் ஒரு கையால் கருவியை உருவ முடியும் என்பதும், இடுப்பின் சுமையைத் தோளுக்குப் பகிர்ந்தால் கனமான கருவியை நெடுநேரம் சுமக்கலாம் என்பதும் இக்கச்சை உணர்த்திய இரு கோட்பாடுகள். இன்றைய வேட்டை உறைகள் பலவற்றிலும் இக்கோட்பாடுகளைக் காணலாம்.

மேக்னம் தோட்டாக்களின் காலம்

1935ஆம் ஆண்டில் .357 மேக்னம் தோட்டாவும், 1955ஆம் ஆண்டில் .44 மேக்னம் தோட்டாவும் அறிமுகமாயின. ஆற்றல் மிக்க .44 தோட்டாக்களை உருவாக்குமாறு எல்மர் கீத் என்னும் அமெரிக்க எழுத்தாளர் நெடுங்காலம் வலியுறுத்தி வந்தார். இதன்பின் கைத்துப்பாக்கி வேட்டை ஐக்கிய அமெரிக்காவில் தனியொரு விளையாட்டாக வளர்ந்தது. 1967ஆம் ஆண்டில் வெளியான தாம்சன் சென்டர் கன்டெண்டர் என்னும் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியில் தொலைநோக்கியும் பொருத்தப்பட்டது. குழல் நீண்டு, தொலைநோக்கியும் சேர்ந்தபோது, காவலருக்கென அமைந்த வழக்கமான இடுப்பு உறைகள் போதாதனவாயின. மார்பு உறை, தோள்வார் உறை போன்றவை பரவலானதற்கு இது காரணமாயிற்று.

வகைகள்

கீழுள்ள விளக்கங்கள் வலக்கைப் பழக்கமுடையவரைக் கருத்திற்கொண்டு தரப்பட்டுள்ளன. இடக்கைப் பழக்கமுடையவருக்குப் பக்கங்கள் மாறும்.

இடுப்பு உறை

வலது இடுப்பில், கச்சையில் கோத்து அணியப்படுவது. மிக எளியதும் பழமையானதும் இதுவே. கை இயல்பாகத் தொங்கும் இடத்திலேயே பிடி அமைவதால் உருவுதல் எளிது. 4 முதல் 6 அங்குலக் குழல் வரை இது நன்கு பொருந்தும். குழல் அதைவிட நீண்டால், உறையிலிருந்து முழுமையாக வெளியெடுக்கக் கையை அக்குள் வரை உயர்த்த வேண்டியிருக்கும். அமரும்போது உறையின் நுனி தரையிலோ இருக்கையிலோ இடித்துத் துப்பாக்கியை மேலே தள்ளும். முதுகுப்பையின் இடுப்புவார் இவ்வுறைமீது அழுந்துவதும், மழைச்சட்டை அதனை மூடிவிடுவதும் பிற குறைகளாகும். கனமான துப்பாக்கிக்கு மெல்லிய கச்சை உதவாது. தடித்த, அகலமான கச்சை தேவை.

குறுக்கு உறை

இடது இடுப்பின் முன்புறத்தில், பிடி வலப்புறம் நோக்கியிருக்கச் சாய்த்து அணியப்படுவது. குதிரையிலோ ஊர்தியிலோ அமர்ந்திருப்பவருக்கு ஏற்றது. வலத்தோளில் நீள் துப்பாக்கி தொங்கவிட்டவருக்கும் இது இடையூறாக இராது. ஆனால் உருவும்போது குழல்வாய் இடக்கையையும் அருகில் நிற்பவரையும் கடந்து வரக்கூடும். எனவே இடக்கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்ட பின்னரே உருவ வேண்டும்.

தோள் உறை

இடது அக்குளின் கீழ் உறை தொங்க, மறுதோளில் சுற்றி வரும் வார் எடையைத் தாங்கும். மேற்சட்டைக்குள் துப்பாக்கி மறைந்திருப்பதால் மழை, தூசு ஆகியவற்றிலிருந்து காக்கப்படுகிறது. குழல் தரையை நோக்கும் செங்குத்து வகையும், பின்புறம் நோக்கும் கிடைமட்ட வகையும் உள்ளன. கிடைமட்ட வகையில் பின்னால் வருபவரை நோக்கிக் குழல்வாய் அமைவதால், வரிசையாக நடக்கும் வேட்டைக் குழுக்களுக்கு அது ஏற்றதன்று. நீண்ட குழலுக்குச் செங்குத்து வகையே பொருந்தும்.

மார்பு உறை

மார்பின் நடுவில் சாய்வாக அமைந்து, தோளையும் முதுகையும் சுற்றிவரும் வார்களால் இறுக்கப்படுவது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஐக்கிய அமெரிக்கத் தாங்கிப் படையினரும் வானோடிகளும் அணிந்த எம்3, எம்7 வகை உறைகள் இதற்கு முன்னோடிகள். குறுகிய தாங்கிக்குள் இடுப்பு உறை எங்கேனும் மாட்டிக்கொள்ளும் என்பதால் அவை மார்புக்கு மாற்றப்பட்டன.

அலாஸ்கா போன்ற கரடிகள் வாழும் பகுதிகளில் இவ்வுறை பெரிதும் விரும்பப்படுகிறது. இடுப்பளவு நீரில் நின்று மீன் பிடிப்பவருக்கும், முதுகுப்பையின் இடுப்புவாரை இறுக்கிக் கட்டியவருக்கும் மார்பு ஒன்றே தடையற்ற இடமாகும். எந்தக் கையாலும் எட்டலாம் என்பது இதன் கூடுதல் நன்மை. அமர்ந்திருக்கும்போது குழல்வாய் சொந்த இடக்கையையோ தொடையையோ நோக்குகிறதா என்பதில் கவனம் தேவை. நீள் துப்பாக்கியைத் தோளில் பதித்துச் சுடும்போது இவ்வுறை இடையூறாகலாம்.

தோள்வார் உறை

ஒரு தோளில் மாட்டி, மறுபுற இடுப்பளவில் பை போலத் தொங்கவிடப்படுவது. தொலைநோக்கி பொருத்திய மிக நீண்ட கைத்துப்பாக்கிகளுக்கு ஏற்றது. வாரில் தோட்டாக்களைச் செருகி வைக்கவும் இடமுண்டு. நடக்கும்போது ஆடுவது இதன் குறையாகும். இதனைத் தவிர்க்கக் கீழ்முனையைக் கச்சையுடன் பிணைக்கும் சிறுவார் இணைக்கப்படும்.

பை

முதுகுப்பையிலோ இடுப்புப்பையிலோ துப்பாக்கியை வைத்தல். சுமக்க மிக எளிது. எடுக்க மிகத் தாமதம். வேட்டையாடும் இடத்தை அடைந்த பின் எடுத்துப் பயன்படுத்தப்படும் துப்பாக்கிக்கு இது போதுமானது. திடீரெனப் பாயும் விலங்கிடமிருந்து தற்காத்துக்கொள்ள இது பயன்படாது.

உறை செய்யப்படும் பொருட்கள்

தோல்: மரப்பட்டைகளைக் கொண்டு பதனிட்ட மாட்டுத்தோலே மரபுவழி உறைக்குரியது. இத்தோலை நனைத்துத் துப்பாக்கியின் வடிவத்துக்கு ஏற்ப அழுத்தினால், உலர்ந்தபின் அவ்வடிவத்திலேயே விறைத்து நிற்கும். தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பதனிடும் முறை நெடுங்காலமாக வழங்கி வந்தது. அவ்வாறு பதனிட்ட தோல்கள் சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயின. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகியவை இன்றும் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது.

தோல் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எனவே துப்பாக்கியைத் தோலுறைக்குள்ளேயே நாட்கணக்கில் வைத்திருந்தால் எஃகு துருப்பிடிக்கும். கடற்கரைப் பகுதிகளில் இது விரைவாக நிகழும். தோல் வளையங்களில் செருகி வைத்த பித்தளைத் தோட்டாக்களில் பச்சை நிறக் களிம்பு படிவதும் இத்தகையதே. களிம்பேறிய தோட்டா அறைக்குள் சிக்கிக்கொள்ளக்கூடும். ஆகவே உறையும் தோட்டா வாரும் கொண்டு செல்வதற்கு மட்டுமே உரியவை. சேமிப்பதற்கு உரியவை அல்ல.

நைலான்: எடை குறைந்தது, விலை மலிவானது, விரைவில் உலரும். துப்பாக்கியின் வடிவத்துக்கு இறுகப் பொருந்தாது. காலியான உறையின் வாய் சுருங்கிவிடுவதால் ஒரு கையால் துப்பாக்கியை மீண்டும் செருகுவது கடினம்.

கைடெக்ஸ்: வெப்பத்தால் இளகும் நெகிழித் தகடு. துப்பாக்கியின் மீது வைத்து அழுத்தி வார்க்கப்படுகிறது. நீராலும் உப்பாலும் கெடாது. துப்பாக்கி செருகப்படும்போது ஓசை எழுப்பும். துப்பாக்கியின் மேற்பூச்சையும் தேய்க்கும்.

பாதுகாப்பு

உறை எவ்வகையினதாயினும், விசையை முழுமையாக மூடுவதாக இருக்க வேண்டும். மரக்கிளை, கயிறு, சட்டையின் நுனி ஆகியவை விசையில் மாட்டித் துப்பாக்கி வெடிப்பதை இது தடுக்கும். ஓடும்போதும் விழும்போதும் துப்பாக்கி வெளியே வராமல் இருக்க, கட்டைவிரலால் விடுவிக்கத்தக்க பிடிவார் அமைந்திருப்பது நல்லது.

பழைய வகை ஒற்றை இயக்கச் சுழல் துப்பாக்கிகளில் தனித்த ஆபத்து ஒன்றுண்டு. 1873ஆம் ஆண்டின் கோல்ட் சுழல் துப்பாக்கியிலும் அதனைப் பின்பற்றியவற்றிலும், சுத்தியலின் முனை தோட்டாவின் பின்புறத்தை ஒட்டியே நிற்கும். உறையிலிருந்து நழுவிச் சுத்தியல் தரையில் பட்டாலே துப்பாக்கி வெடிக்கும். இதனால் ஆறு அறைகளுள் ஐந்தில் மட்டுமே தோட்டா இட்டு, காலியான அறையின் மீது சுத்தியலை நிறுத்தி வைப்பது வழக்கமாயிற்று. 1973ஆம் ஆண்டில் ரூகர் நிறுவனம் தனது ஒற்றை இயக்கச் சுழல் துப்பாக்கிகளில் இடைத்தண்டு அமைப்பை அறிமுகம் செய்து இவ்வாபத்தை நீக்கியது. விசை முழுமையாக இழுக்கப்பட்டால் மட்டுமே சுத்தியலின் அடியை இத்தண்டு தோட்டாவுக்குக் கடத்தும். அதற்கு முந்தைய துப்பாக்கிகள் இன்றும் புழக்கத்தில் இருப்பதால், ஐந்து தோட்டா வழக்கம் அவற்றுக்கு இன்றும் பொருந்தும்.

பரணில் ஏறும்போது துப்பாக்கியை அணிந்தவாறு ஏறுவதைவிட, தோட்டாக்களை நீக்கி, குழல்வாய் கீழ்நோக்கி இருக்குமாறு கயிற்றில் கட்டி, ஏறிய பின் மேலே இழுத்துக்கொள்வதே பாதுகாப்பான முறையாகும். வேலி, ஓடை ஆகியவற்றைக் கடக்கும்போதும் தோட்டாக்களை நீக்குதல் நல்லது.

இந்தியாவில் சட்டநிலை

ஆயுதச் சட்டம்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றிச் சுடுகலன் வைத்திருப்பது குற்றமாகும். 2019ஆம் ஆண்டின் திருத்தத்தால், ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடுகலன்களின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது.

இச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உட்புறம் வழவழப்பான துப்பாக்கியையும், பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கியையும் தனியே குறிப்பிடுகின்றது. வயலுக்கும் காட்டுக்கும் உரியதாக இந்தியச் சட்டம் கருதியது நீள் துப்பாக்கியையே என்பது இதனால் விளங்கும். தமிழ்நாட்டில் நரிக்குறவர் சமூகத்தினர் பறவை வேட்டைக்குப் பயன்படுத்திய நாட்டுத் துப்பாக்கியும் வாய்வழி மருந்திடும் நீள் துப்பாக்கியே ஆகும். கைத்துப்பாக்கி வேண்டுவோர் அதற்குத் தக்க காரணம் உண்டு என உரிமம் வழங்கும் அதிகாரியை நிறைவுபடுத்த வேண்டும். அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கெனத் தயாரித்த சுழல் துப்பாக்கிகள் பெரும்பாலும் .32 அளவினவாகும்.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டு செல்பவர் அதற்கென அமைந்த, உடலுடன் இணைக்கப்பட்ட உறையிலோ, முதுகுப்பை போன்ற பையிலோ வைத்திருக்க வேண்டும். துப்பாக்கி முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும் என்பதுடன், அது அவருடைய முழுக் கட்டுப்பாட்டில் இருக்கவும் வேண்டும். பொது இடத்தில் துப்பாக்கியைச் சுழற்றிக் காட்டுவது உரிமத்தை இழக்கச் செய்யும். இதனால், அமெரிக்க வேட்டையாளர் அணிவது போன்ற திறந்த இடுப்பு உறையும் மார்பு உறையும் மேலே மூடப்படாத நிலையில் இந்தியப் பொது இடங்களுக்கு ஏற்றவை அல்ல.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 9ஆம் பிரிவில் வேட்டையைத் தடை செய்கிறது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் இத்தடையை மேலும் விரிவாக்கியது. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளர் 11ஆம் பிரிவின்படி எழுத்துமூலம் அனுமதி அளிக்கலாம்.

தன்னையோ பிறரையோ காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என அதே பிரிவு கூறுகின்றது. ஆயினும் இதற்கு முக்கியமான வரம்பு ஒன்று உண்டு. தற்காப்பு தேவைப்பட்ட அவ்வேளையில் இச்சட்டத்தை மீறும் செயலில் ஈடுபட்டிருந்தவருக்கு இப்பாதுகாப்புக் கிடைக்காது. 31ஆம் பிரிவின்படி, எழுத்துமூல முன் அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழைவதே மீறலாகும். எனவே, தற்காப்புக்கென உறையில் துப்பாக்கி அணிந்து அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் சென்றவர், உண்மையாகவே விலங்கால் தாக்கப்பட்டுச் சுட்டாலும், தற்காப்பு என்னும் விலக்கைக் கோர இயலாது. குற்றத்துக்குப் பயன்பட்டுக் கைப்பற்றப்பட்ட ஆயுதம் அரசுக்கு உரியதாகிவிடும்.

திருவள்ளூர் மாவட்டத்தில்

திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களை ஒட்டி, சிலிக்கா ஏரிக்கு அடுத்ததாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரி அமைந்துள்ளது. பூநாரை, கூழைக்கடா முதலிய நீர்ப்பறவைகள் கூடும் இவ்வேரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது.

இதனால் இப்பகுதியில் சுடுகலன் வைத்திருப்போருக்கு மேற்கூறிய சட்டங்கள் நேரடியாகப் பொருந்துகின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்குள்ளும் அதிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் வசிக்கும் ஆயுத உரிமதாரர்கள் தம் பெயரை வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். அவ்வெல்லைக்குள் புதிய உரிமம் வழங்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு தேவை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் வசிப்போர், தம் வீடு இவ்வெல்லைக்குள் வருகிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே அறிந்துகொள்வது பயனுடையது.

உரிமம் செல்லுபடியாகும் பகுதி மற்றொரு செய்தியாகும். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஆரம்பாக்கத்தைக் கடந்தால் ஆந்திரப் பிரதேசம் தொடங்கிவிடும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் உரிமத்தை உடையவர் அவ்வெல்லையைக் கடந்து துப்பாக்கியைக் கொண்டு செல்ல இயலாது. தடா, சூளூர்ப்பேட்டை ஆகிய ஊர்களுக்கு நாள்தோறும் சென்று வருபவருக்கு இது கவனத்துக்குரியது. உறை எத்துணைச் சிறந்ததாயினும், உரிமத்தில் குறித்த எல்லைக்கு வெளியே அதனுள் இருக்கும் துப்பாக்கி சட்டத்துக்குப் புறம்பானதே.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் கைத்துப்பாக்கியால் மான், காட்டுப்பன்றி முதலியவற்றை வேட்டையாட அனுமதி உண்டு. தோட்டாவின் அளவு, குழலின் நீளம் ஆகியவற்றுக்கு மாநிலந்தோறும் வரையறைகள் உள்ளன. பெரிய பிரித்தானியாவில் 1997ஆம் ஆண்டின் சட்டங்களால் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் தடை செய்யப்பட்டன. காயமுற்ற விலங்கைத் துன்பமின்றிக் கொல்வது போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஹௌடா கைத்துப்பாக்கிகளைச் செய்தளித்த நாட்டிலேயே அவற்றின் வழித்தோன்றல்கள் இன்று அரிதாகிவிட்டமை குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

சுழல் துப்பாக்கி
அம்பாரி
சாம் பிரவுன் கச்சை
ஆயுதச் சட்டம், 1959
வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972
பழவேற்காடு பறவைகள் சரணாலயம்

பகுப்புகள்: சுடுகலன்கள் | வேட்டை | தோல் பொருட்கள் | திருவள்ளூர் மாவட்டம்